சின்னப் படகுக்காரி

ஆஸ்பத்திரியில் மாட்டுவதற்கு உலகத்தில் வேறு படமே கிடைக்கவில்லையா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒரு பூந்தொட்டி, ஒரு பூனைக்குட்டி, தூங்குகிற குழந்தை என்று எவ்வளவோ இருக்கிறதே. ஐ.சி.யூ.வுக்கு வெளியே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருக்கிற ஹாலில், எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு புயல். கறுத்த மேகம், கொதிக்கிற கடல், அதில் சாய்ந்தும் நிமிர்ந்தும் தவிக்கிற பாய்மரக் கப்பல்கள். இதைத் தேர்ந்தெடுத்த மகராசன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர். அவர் அப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தொண்டையில் குழாயோடு, எதுவும் சொல்ல முடியாமல் கிடந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வெறும் சளி, வெறும் சளி என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். அவர் ரிப்பேர் செய்த லிஃப்டிலேயே அவரைக் கீழே இறக்கினார்கள். நுரையீரல் இரண்டிலும் நிமோனியா என்றார் டாக்டரம்மா. எந்திரம்தான் மூச்சு விடுகிறது, அவராக விட வேண்டும், காத்திருக்க வேண்டும் என்றார்.

காத்திருப்பது எனக்கு வராத வேலை. நான் தையல்காரி. துணியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறவர்களை விரட்டித்தான் எனக்குப் பழக்கம். இப்போது நான் வாசலில் நின்றேன்.

ஒட்டிப் பிறந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த மெலிந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராம். மனைவி உள்ளே இருக்கிறார்.

“புதுசாம்மா? உங்களுக்கு அந்தச் சின்னப் படகு. இடது பக்கம், கீழ.”

“என்னது?”

“படத்துல. மத்ததுக்கெல்லாம் ஆள் இருக்கு.”

கவலையில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது என்று ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு பஸ் டிரைவர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் இருந்தார். அவருடைய அண்ணன் உள்ளே. அவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

“பயப்படாதீங்கக்கா. இங்க யாரும் யாரையும் ‘உங்க ஆளு எப்படி இருக்காரு’ன்னு கேக்கறதில்ல. கேட்டா அழுகை வருது. கேட்டவனுக்கும் சேர்த்து வருது. அதனால ஆளுக்கொரு கப்பல். ‘கப்பல் எப்படிப் போகுது’ன்னு கேப்போம். ‘காத்து கொஞ்சம் அடங்கியிருக்கு’ன்னா காய்ச்சல் கம்மின்னு அர்த்தம். சொல்லவும் சுலபம், கேக்கவும் சுலபம்.”

“இதை யார் ஆரம்பிச்சது?”

“தெரியாது. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எங்களுக்குச் சொன்னாங்க.”

மாஸ்டருடையது நடுவில் இருந்த பெரிய கப்பல். மூன்று பாய்மரம், பின்பக்கம் ஒரு மாளிகை மாதிரி செதுக்கல் வேலை, வரிசையாகப் பீரங்கி ஜன்னல்கள். டிரைவருடையது வலது பக்கம், மேகம் கிழிந்து வெயில் விழுகிற இடத்தில், வெள்ளைப் பாயை விரித்துக்கொண்டு போவது. தூரத்தில் இன்னும் இரண்டு. அவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். எனக்கு வாய்த்தது மீன்பிடிப் படகு. அலைக்குழியில் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரே ஒரு பழுப்புப் பாய், அதன் நடுவில் ஒரு கறுப்புக் கிழிசல். நாலே பேர். அதற்குப் பக்கத்தில் தண்ணீரிலிருந்து துருத்திக்கொண்டு உளுத்த மரக்கம்பங்கள்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“இந்தப் படகுல எனக்கு முன்னாடி இருந்தவங்க என்ன ஆனாங்க?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு அம்மாதாம்மா. உங்கள மாதிரி வீட்டுக்காரருக்காக உக்காந்திருந்தாங்க. நல்லபடியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. போறப்ப எங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு குடுத்துட்டுப் போனாங்க.”

“நடந்தா போனாரு?”

“நடந்துதாம்மா போனாரு.”

அப்பாடா என்றிருந்தது. இதை நம்புகிறோமே என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது அந்த ஆரஞ்சு அம்மாவால்தான்.

சாயந்திரம் என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா. அவரைத் தூக்கி வளர்த்தவள், அதை ஊருக்கெல்லாம் தினம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறவள். கப்பல் விவகாரத்தைக் கேட்டதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்ப் படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

“என் தம்பிக்குன்னு பார்த்து இந்த ஓட்டைப் படகாடி கெடச்சுது? காய் வாங்கப் போனாலும் இதே கதைதான். கடைக்காரன் பொறுக்கிப் போட்டதை வாங்கிட்டு வருவே.”

“அண்ணி, இது வெறும் படம்.”

“வெறும் படம்னா நீ எதுக்கு அதையே முறைச்சுப் பார்த்துட்டு இருக்கே?”

வேறு எங்கே பார்ப்பது? டி.வி. ஓடவில்லை. கதவில் “உள்ளே வராதீர்” என்று எழுதியிருந்தது. சாயந்திரம் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். அதற்கும் நானும் நாத்தனாரும் தினம் மல்லுக்கட்டுவோம். உள்ளே போனால் அவருடைய கை இருக்கும், பிடித்தால் பிடித்த இடத்திலேயே இருக்கும். “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்பார் சிஸ்டர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கில் வாயை வைத்து என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார். “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நில்லுங்க, நான் பாத்துக்கறேன்.” அதைப் பெருமையாக வந்து என்னிடம் சொல்லுவார். சும்மா நிற்பது எவ்வளவு கொடுமை என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் அப்போது தெரியவில்லை.

ஆகவே படத்தைப் பார்த்தேன். கீழே ஒரு சின்னத் தகட்டில், டச்சு ஓவியம், பதினேழாம் நூற்றாண்டு, கடுங்காற்றில் கப்பல்கள் என்று எழுதியிருந்தது. அசல் எங்கேயோ ஒரு மியூசியத்தில் இருக்கிறதாம், இது பிரதி. நான் பிறந்ததிலிருந்து ஒரு படத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தைக்கூடப் பார்த்ததில்லை.

“மொதல்ல வானத்தைப் பாருங்க” என்றார் மாஸ்டர், நான் கேட்காமலேயே. “முக்கால்வாசிப் படம் வானம்தான். கப்பல் படம்னு பேரு. ஆனா அவன் வரைஞ்சது காத்தை.”

“காத்தை எங்க சார் வரைய முடியும்? கண்ணுக்குத் தெரியாதே.”

“அதான். பாயைப் பாருங்க, கொடியைப் பாருங்க, அலை நுனியில நுரை பிஞ்சு பறக்குது பாருங்க. இந்தப் படத்துல காத்து இல்லாத இடம் ஒண்ணு காட்டுங்க, பார்க்கலாம்.”

வீம்புக்குத் தேடினேன். கிடைக்கவில்லை. பெரிய கப்பலில் மேல்பாய்களைச் சுருட்ட ஆட்கள் குறுக்குக் கட்டையில் வயிற்றைக் கொடுத்துத் தொங்கினார்கள். ஒவ்வொருத்தனும் எறும்பளவு. ஒருத்தனுடைய சட்டை முதுகுவரை ஏறிக்கிடந்தது. அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறான் அந்தப் பாவி மனுஷன். தண்ணீர் ஒரே நிறமில்லை. படகுக்கு அடியில் பாசிப்பச்சை, நடுவில் ஈயம், வெயில் விழுந்த இடத்தில் பால். பார்க்கப் பார்க்க அந்த அறையின் மருந்து வாடை போய், ஈரக்காற்று மூஞ்சியில் அடிப்பதுபோல் இருந்தது. அழகாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியபோது திக்கென்றது. அவர் உள்ளே அப்படிக் கிடக்க, நான் இங்கே உட்கார்ந்து படம் ரசிக்கிறேன்.

என் படகில் இருந்த நாலு பேரும் எனக்குப் பழகிப்போனார்கள். ஒருத்தன் சுக்கானைப் பிடித்திருந்தான். சிவப்புத் தொப்பி, அகலமான முதுகு. அது என் வீட்டுக்காரர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னொருத்தன் பாய்க் கயிறைப் பிடித்திருந்தான், டாக்டரம்மா என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாமவன் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். நாலாமவன் ஒன்றுமே செய்யவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிவப்புத் தொப்பிக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“மாஸ்டர், அவன் கையில ஒரு வாளியாவது குடுத்திருக்கலாம்ல, வரைஞ்சவன்?”

“எல்லாருக்கும் வேலை இருக்காதும்மா படகுல” என்றார் அவர். அவருடைய பெரிய கப்பலிலும் மேல்தளத்தில் ஓர் ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தான். எனக்கு அதை அவர் காட்டவில்லை. நானாகத்தான் பார்த்தேன்.

ஒருநாள் காலையில் கதவு திறந்து டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவருடைய அண்ணனை வார்டுக்கு மாற்றுகிறார்களாம். அவர் எழுந்த வேகத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது. போனவர் போனவர்தான். ஒரு வார்த்தை இல்லை, படத்தின் பக்கம் ஒரு பார்வை இல்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. “பார்த்தீங்களா மாஸ்டர்? அந்த ஆரஞ்சு அம்மா எவ்வளவு பாடுபட்டு ஆளுக்கொண்ணு குடுத்துட்டுப் போனாங்க. இந்த மனுஷன் வர்றேன்னுகூடச் சொல்லல.”

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

நாத்தனாருக்கு அந்தக் கவலை இல்லை. அவள் கண் வலது பக்கக் கப்பல்மேல் இருந்தது. “அது காலியாயிடுச்சு. நம்ம அதுக்கு மாறிக்கலாம். கேளுடி.”

“அடுத்து வர்றவங்களுக்குத்தான் அதுன்னு வழக்கமாம், அண்ணி.”

“என்ன பெரிய வழக்கம்? பஸ்ல ஜன்னல் சீட் காலியானா நகர்ந்து உக்கார மாட்டோமா?” என்று மாஸ்டரிடமே போய்விட்டாள். “சார், எங்களுக்கு அந்த வெயில் கப்பல் வேணும்.”

மாஸ்டர் திணறிப்போனார். “நடுக்கடல்லம்மா… ஏறின கப்பல்ல இருந்து எப்படி இறங்கறது?”

நாத்தனார் வாயடைத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. திரும்பி வந்து உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் அவள் முழங்காலில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

அதற்கு மறுநாள் டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வந்தார். இப்படியே போனால் நாளைக்குக் குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்றார். நாத்தனார் கீழே ஓடி ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“எதுக்கு அண்ணி இவ்வளவு?”

“அந்தம்மா குடுத்தாங்கள்ல? நாம மட்டும் அந்த டிரைவர் மாதிரி ஓடிடறதா? என் தம்பி எழுந்து உக்காரட்டும், எல்லாருக்கும் அவன் கையாலயே குடுக்கச் சொல்றேன்.”

பையை நாற்காலிக்கு அடியில் வைத்தோம். அன்று மனசு லேசாக இருந்ததால் படத்தின் பக்கத்திலேயே போய் நின்றேன். கண்ணாடிமேல், கப்பல் இருக்கிற இடங்களில் மட்டும் விரல் ரேகைகள். தினம் காலையில் துடைக்கிறார்கள், சாயந்திரத்துக்குள் வந்துவிடுகிறது. நான் என் படகின் பாயைத் தொட்டேன். தொட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. அது கிழிசல் இல்லை. ஒட்டு. பழைய பாயில் வேறு துணியைச் சதுரமாக வைத்து நாலு பக்கமும் தைத்திருக்கிறார்கள். மயிரிழைக் கோடு போட்டுத் தையலைக்கூடக் காட்டியிருந்தான் வரைந்தவன். கரையில் யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள், இது போய்விட்டு வர வேண்டும் என்று நினைத்து.

“அண்ணி, கிழியல! ஒட்டுப் போட்டிருக்கு. நல்ல தையல்.”

அவள் முகம் மலர்ந்தது. மாஸ்டரும் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஆமாம்மா, இத்தனை நாள் இது என் கண்ணில் படவில்லையே என்றார். நான் இன்னொன்றை அவர்களிடம் சொல்லவில்லை. ஒட்டுப் போட்ட இடம் கிழியாது. புதுத்துணி இழுக்கிற இழுப்பில் அதன் ஓரத்துப் பழைய துணிதான் கிழியும். தையல்காரிக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்து என்ன செய்ய? அந்தப் பாயை இறக்கி என் மடியில் போட யாரால் முடியும்?

மறுநாள் குழாயை எடுக்கவில்லை. காலையிலேயே காய்ச்சல் ஏறிவிட்டது. மத்தியானம் சிறுநீரகம் என்றார்கள், அப்புறம் ரத்த அழுத்தம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கதவு திறந்து ஒரு புது வார்த்தை வந்தது. நானும் நாத்தனாரும் ஒவ்வொரு வார்த்தைக்கும் எழுந்து நின்று, உட்கார்ந்து, எழுந்து நின்றோம். மாஸ்டர் கப்பல் எப்படி என்று கேட்கவில்லை. நான் படகைப் பார்த்தேன். சிவப்புத் தொப்பிக்காரனை, ஏதாவது செய்யுங்கள், ஏதாவது செய்யுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவனும் முந்நூறு வருஷத்துக்கு மேலாக அதே சுக்கானைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவனால் வேறு என்ன செய்ய முடியும்? கையைப் பிசைந்து பிசைந்து என் விரல் சிவந்துவிட்டது.

வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே விட்டார்கள். இரண்டு பேரையும் விட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். நான் பிடித்த இடத்திலேயே இருந்தது. எந்திரத்தை நிறுத்தினார்கள். “நான் தூக்கி வளர்த்த பிள்ளைடா” என்று நாத்தனார் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அங்கே இருந்த எல்லாரிடமும் சண்டை போட வேண்டும்போல் வந்தது. யாரிடம் போடுவது, எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

நாத்தனாரை யாரோ கைத்தாங்கலாகக் கீழே அழைத்துக்கொண்டு போனார்கள். என் பை ஹாலிலேயே கிடந்தது. எடுக்கப் போனேன்.

என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது. அவசரத்தில் கிளம்பி வந்திருக்கிறாள், காலில் ஒன்றுக்கொன்று சேராத செருப்பு. வெயில் கப்பலுக்கு முந்தின நாளே ஆள் வந்தாயிற்று. மாஸ்டர் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் படத்தின் இடது மூலையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சார் விளையாட்டு இது? அதுவே கவிழற மாதிரி இருக்கு. பாயெல்லாம் கிழிஞ்சு…” என்றவள் குரல் இறங்கிக் கேட்டாள். “இதுல முன்னாடி இருந்தவங்க என்ன ஆனாங்க?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

அவளும் திரும்பினாள். என் கண்ணையே பார்த்தாள்.

“நான்தாம்மா அந்தப் படகுக்காரி” என்றேன். “எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்தாரு. இப்பத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

“நல்லாயிட்டாரா?”

“நல்லாயிட்டாரு.”

“நடந்து வர்றாரா?”

“கீழ நிக்கிறாரு. பையை எடுக்க மறந்துட்டேன், அதான் ஓடி வந்தேன்.” என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. “அது கிழிசல் இல்லம்மா. ஒட்டு. கிட்டப் போய்ப் பாரு, நல்ல தையல். நான் தையல்காரி, எனக்குத் தெரியும்.”

அவள் தோள் இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சை நான் அறிவேன்.

குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த பழப் பையை இழுத்தேன். “அவர் குடுக்கச் சொன்னாரு” என்று ஒரு ஆரஞ்சை எடுத்து அவள் கையில் வைத்தேன். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். இப்போதுதான் வந்த அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நாத்தனார் போட்ட அலறல் கதவைத் தாண்டிக் கேட்டிருக்கும். ஆனால் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக மாஸ்டரிடம் வந்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஓடிவிடுவார்கள். டிரைவர் ஓடியது போல, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்க, திரும்பியே பார்க்காமல் ஓடுவார்கள். நின்று ஆரஞ்சு கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்?

“அந்த அம்மாவும் இப்படித்தானா, மாஸ்டர்?” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

அவர் ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டி நின்றது. “புதுசா வர்றவங்ககிட்ட என்ன சொல்லணும்னு எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னாரோ, அதைத்தாம்மா உங்ககிட்ட சொன்னேன்” என்றார். “போயிட்டு வாங்க.”

கீழே வந்தேன். வராண்டாவில் நாத்தனார் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பார்த்தாள்.

“பழம் எங்கடி?”

“எல்லாருக்கும் குடுத்துட்டேன், அண்ணி.”

“அவன் கையால குடுக்கணும்னு வாங்கினேன்டி…”

“அவர் குடுத்ததாத்தான் சொல்லியிருக்கேன்” என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.